மகளைக் கொழும்புக்குப் போட்டார்கள்

1

நான் ஆட்களை நாடு கடத்துகிற வேலை பார்க்கிறேன் என்று என் காக்கா, எங்கள் பேச்சில் அண்ணன், ஊரில் சொல்லி வைத்திருந்தார். கல்முனைக்குடியில் என்னைத் தெரிந்த பலர் இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நான் செய்வது அரசாங்க உத்தியோகத்தரை வெளிநாடுகளுக்கு அனுப்புகிற வேலை. யாரை எந்தத் தூதரகத்துக்குப் போடுவது, எத்தனை வருடத்துக்கு, குடும்பம் கூடப் போகலாமா, பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா, வளர்க்கிற நாயை விமானத்தில் ஏற்ற விடுவார்களா, தவணை முடிந்து திரும்புகிறவருக்கு இங்கே எந்த மேசை. இவ்வளவுதான்.

எந்த நாட்டு அரசாங்கம் என்று எழுத வேண்டாமென்று மகள் கேட்டிருக்கிறாள். ஜூலை மாதத்தில் கார்க் கண்ணாடியில் உறைந்து கிடக்கும் பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போகிற, கடல் இல்லாத ஒரு தலைநகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் ஒரு திணைக்களத்தில் சம்பளப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில், ஒப்பந்தம் முடியப் போகிற ஒரு பெரியவரிடம், ஊரில் கற்ற ஆங்கிலத்தில், “நீங்கள் எப்போது காலாவதியாகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்ஷா அல்லாஹ், இப்போதைக்கு இல்லை” என்றார். எகிப்துக்காரர். அந்த ஒரு வசனத்தால் அந்தக் கட்டடத்தில் எனக்கு முதல் சிநேகிதர் கிடைத்தார்.

காக்கா மௌத்தாகி, கண்ணை மூடி, சென்ற வாரத்தோடு ஒரு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை என் மகள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதை எழுத வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். அது விளங்க வேண்டுமென்றால் மற்றதையெல்லாம் முதலில் சொல்லியாக வேண்டும்.

2

காக்காவுக்கும் இதே தொழில்தான். கல்வி அலுவலகத்தில் ஆசிரியர் இடமாற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவரும் மதினியும் மட்டும்தான் வீட்டில். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் எங்கள் வீட்டு வாசலில் டீச்சர்மார் வந்து நிற்பார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வருவாள், இன்னொருத்தி டொக்டரின் சேட்டிபிக்கற்றோடு வருவாள். காட்டோரப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுவிட்டார்கள், பஸ் இல்லை, யானை வருகிறது என்று அழுவார்கள். காக்கா எல்லோருக்கும் “பாப்பம்” என்ற ஒரே சொல்லைத்தான் சொல்லுவார். சிலருக்கு நடந்தது. பலருக்கு நடக்கவில்லை. நடக்காதவர்களும் அவர்மேல் கோபப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் மனிதவளப் பிரிவுக்கு மாறிய பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்செல்லாம் இரண்டு எழுதுநர்கள் அலுவலகக் கதை பேசுவதுபோல ஆகிவிட்டது.

“உன்னட்டயும் ஆக்கள் வந்து அழுறயாகா?”

“அழுறாங்க காக்கா. ஈமெயில்ல அழுறாங்க.”

“அது லேசு. கண்ணத் துடைக்கத் தேவல்ல.”

ஒருநாள் கேட்டார்: “எங்கட நாட்ட என்னெண்டு போட்டிரிக்கி? கஷ்டப் பிரதேசமா?”

எங்களிடமும் அப்படியொரு தரம் பிரித்தல் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் வாழ்க்கைச் சிரமத்தைக் கணித்து, அதற்கேற்ற கொடுப்பனவு கொடுப்பார்கள். “ஓம் காக்கா” என்றேன்.

“கஷ்டமா, அதிகஷ்டமா?”

“நடுவில.”

“என்னதாம் கஷ்டம்?”

“நுளம்புக் கடி, வெக்கை, றோட்டு, ஆஸ்பத்திரி.”

“நுளம்பு மெய்தான்” என்று சிரித்தார். பிறகு சொன்னார். “அப்ப, நாங்க இவ்வளவு நாளும் சும்மாவா இரிந்திரிக்கம்? எங்களுக்கும் ஏதும் போட்டுத் தரச் செல்லுகா.”

3

என் மகள் அம்னா நாலு வயதில் காக்காவோடு தமிழில் சண்டை பிடிப்பாள். “மாமா, நீங்க பொய் செல்றீங்க” என்பாள். அந்தச் ‘செல்றீங்க’வைக் கேட்க அவர் வேண்டுமென்றே பொய் சொல்வார். பள்ளிக்கூடம் போகப் போகத் தமிழ் குறைந்தது. முதலில் வசனங்கள் போயின, பிறகு சொற்கள் போயின. சலாம் சொல்லி, சோறு தின்றதைச் சொல்லி, போனை என்னிடம் நீட்டுகிற அளவில் வந்து நின்றது. நானும் அவள் வாப்பாவும் வீட்டில் தமிழ்தான் கதைத்தோம். அவள் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். புலம்பெயர்ந்த வீடுகளில் நடப்பதுதானே, இதைப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. காக்கா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும், “மருமகள எப்ப அனுப்புற?” என்று கேட்பார்.

படித்து முடித்து அம்னா வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுதித் தெரிவானாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, “என்னைக் கொழும்புக்குப் போட்டிருக்கிறார்கள்” என்றாள். அவள் விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் கூடாது. மகள் போகிற இடத்தின் காரியத்தில் தாய் கை வைக்கக் கூடாதென்பது விதி. மறுநாள் நான் ஒரு பிரகடனத்தில் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து கொழும்பு என்ற பெயர் வருகிற எந்தக் கோப்பும் என் கணினியில் திறக்காது. கூட்டத்தில் கொழும்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் கொழும்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போனவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு முறையும் நான்தான் வெளியே நின்றேன்.

போவதற்கு முன்னர் அவளுக்கு மாதக்கணக்கில் மொழி படிப்பித்தார்கள். சிங்களம். தமிழ் ஏன் இல்லை என்று கேட்டேன். அந்தப் பதவிக்கு அதுதான் என்றாள். விளங்கியது. சாப்பாட்டு மேசையில் வேலைப் பேச்சைத் தொடர எனக்கும் விருப்பமிருக்கவில்லை. அவள் அறையிலிருந்து வினைச்சொற்களை உரக்கப் பாடமாக்குவது கேட்கும். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.

காக்காவிடம் சொன்னபோது அவர், “கொழும்புக்கா? அல்ஹம்துலில்லாஹ்! பஸ்ஸேறினா அடுத்த நாள் ஊர்ல” என்றார். அன்றே பள்ளிவாசலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அப்போது அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் சில நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த உடம்போடு முன்னறைக்குப் பூச்சு அடிப்பித்தார். வெளிநாட்டுப் பிள்ளைக்குக் குந்தி இருக்க வராது என்று ஒரு கொமட் வாங்கிப் புதிய குளியலறை ஒன்று கட்டினார்.

“அவ வாறதுக்குள்ள முடிக்கணும் எண்டு மேசனோட ஒரே சண்ட” என்றா மதினி. “காச்சலோட நிண்டு சீமெந்துக் கலவயப் பாக்குறார். நான் என்ன செய்ற, நஸீமா?”

4

கொழும்பு கிட்டத்தான். ஆனால் தூதரக ஆட்கள் கொழும்பை விட்டு வெளியே போவதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அம்னா திகதி குறிப்பாள். எங்கிருந்தாவது ஓர் அமைச்சரோ குழுவோ வந்து இறங்கும். திகதி தள்ளிப் போகும். மதினி இறால் வாங்கி வைத்துவிட்டு, பிறகு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பா. இப்படியே பல மாதம் போனது.

கடைசியில் உத்தியோக வேலையாகவே வந்தாள். விநாயகபுரத்தில் மீனவர்களுக்கான ஏதோ ஒரு திட்டத்தைப் பார்க்கப் போன வாகனம், திரும்பும் வழியில் கல்முனைக்குடியில் நின்றது. கூட, மொழிபெயர்க்கிற தர்ஷினி. தூதரகத்தில் வேலை செய்கிற மட்டக்களப்புப் பிள்ளை. எனக்கு அன்றைக்கு வேலை நாள். ஒரு சின்னக் கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் இருந்தேன். மதினி போனைப் பிடித்துக்கொண்டு நின்றா.

கதிரையில் என் மகள். கட்டிலில் சாய்ந்து என் காக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் நான் முன்பின் அறியாத ஒரு பெண்.

காக்காவின் குரல் அப்போது மிகவும் தாழ்ந்திருந்தது. அம்னாவுக்கு விளங்கவில்லை. நான் போனிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். காக்கா கையைத் தூக்கினார்.

“நீ சும்மா இரிகா. இந்தப் புள்ள நல்லாச் செல்லுது.”

இருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி, கொழும்பைப் பற்றிக் கேட்டார். பிறகு தொழிலுக்கு வந்தார். “எத்தின வருசத்துக்குப் போட்டிரிக்கி?”

தர்ஷினி கேட்டுச் சொன்னாள். “மூண்டு வருசமாம் ஐயா.”

“மறுகா ஊருக்கு எப்ப வாறயாம்?”

தர்ஷினி அம்னாவிடம் திரும்பினாள். அம்னா யோசித்து, இன்னும் இரண்டு நாடுகளுக்காவது போக வேண்டியிருக்கும், அதற்குப் பிறகுதான் என்றாள்.

“இன்னும் ரெண்டு நாட்டுக்குப் போய்த்துத்தான் ஊருக்குப் போவாவாம் ஐயா.”

காக்கா தலையை ஆட்டினார். “போற இல்ல புள்ள. வாறது. வாறது எப்ப எண்டு கேட்டன்.”

தர்ஷினி அதைச் சட்டென்று மொழிபெயர்க்கவில்லை. கொஞ்சம் குனிந்து, மெதுவாக, அவர் இந்த ஊரைச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்னா மதினியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதற்குள் இருந்த என்னைப் பார்த்தாள். பிறகு எங்கிருந்து எடுத்தாளோ, நாலு வயதுக் குரலில், “வருவன் மாமா” என்றாள்.

“ஓம்” என்றார் காக்கா. “வாங்க.”

இருட்டுவதற்கு முன்னர் பாதி வழியாவது தாண்ட வேண்டும் என்பது வாகனத்துக்கான விதி. புதிய குளியலறையில் முகம் கழுவிவிட்டு, மதினி கட்டிக் கொடுத்த இறால் பார்சலோடு அம்னா புறப்பட்டாள்.

5

மாதங்கள் போயின. காக்கா விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வீட்டிலேயே மௌத்தானார். மதினியின் அழைப்பு வந்தபோது எனக்கு முற்பகல். ஒரு தம்பதியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது பற்றிய கூட்டத்தில் இருந்தேன். அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றா மதினி. எங்களில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. நான் எந்த விமானத்தில் ஏறினாலும் அது முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வேன் என்பது அந்த நிமிடமே தெரிந்தது.

அம்னாவுக்கு எடுத்தேன். அந்த வாரம் ஏதோ எச்சரிக்கை வந்து, கொழும்பை விட்டு ஒருவரும் வெளியே போகக் கூடாதென்று உத்தரவு போட்டிருந்தார்கள். விசேட அனுமதி கேட்டால் மறுநாள்தான் பதில் வரும். பொறுப்பான அதிகாரி போனைத் தூக்கவில்லை.

“உம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றாள்.

“கொழும்பு விஷயத்தில் நான் எதுவும் சொல்லக் கூடாது, மகள்.”

“அலுவலகத்திடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.”

போ என்று என் வாயால் சொல்லவில்லை. போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று அவளைவிட எனக்குத் தெரியும். அழுகையும் வந்துவிட்டது. “அஸருக்குத்தான் எடுக்கிறாங்களாம்” என்று மட்டும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மதினி சொல்லித்தான் அறிந்தேன். அம்னா ஒரு வேனை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். தர்ஷினியைக் கூப்பிடவில்லை. அவளையும் இதில் மாட்டக் கூடாதென்று நினைத்திருக்கிறாள். சாரதி சிங்களவர், வழி நெடுக அவரோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் ஜனாஸாவைத் தூக்கத் தயாராகிவிட்டார்கள். பள்ளிவாசல்காரர் ஒருவர்தான், “மருமகப் புள்ள கொழும்புல இருந்து வந்திட்டிரிக்காம். கொஞ்சம் பொறுப்பம்” என்று நிறுத்தியிருக்கிறார். அவள் வந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெண்கள் இருந்த அறைக்குள் போய் மதினியின் முன்னால் முழங்காலில் இருந்தாள்.

மன்னித்துக்கொள்ளுங்கள், சுணங்கிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது தமிழ் இல்லை.

“மட்ட சமாவென்ன மாமி. மம பரக்கு வுணா.”

ஓதிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மூலையிலிருந்து ஒருத்தி, “ஆரு இது? சிங்களப் புள்ளயா?” என்று கேட்டிருக்கிறாள்.

மதினியின் வாப்பா அம்பாறை டவுனில் சாரிக் கடை வைத்திருந்தவர். சிறுபிள்ளையில் அந்தக் கடையில் நின்று, வருகிற சிங்களப் பெண்களுக்குச் சாரி விரித்துக் காட்டி வளர்ந்தவ மதினி. கலியாணம் முடித்துக் கல்முனைக்குடிக்கு வந்த பிறகு அந்தப் பாஷை தேவைப்படவில்லை. அன்றைக்குத் தேவைப்பட்டது.

“பரக்கு நே துவ” என்றாவாம். சுணங்கவில்லை மகள் என்று அர்த்தம். பிறகு கேட்டவளைப் பார்த்துச் சொன்னாவாம்: “எங்கட புள்ள.”

6

எனக்கு விடுமுறை கிடைத்தது. உடன்பிறந்தவரின் மரணத்துக்கு எத்தனை நாள் என்று எத்தனையோ பேருக்கு நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். நான் போய் இறங்கும்போது அடக்கம் செய்த கபுறடியில் நட்ட செடி வாடத் தொடங்கியிருந்தது என்று சொன்னார்கள். நான் அங்கே போகவில்லை, எங்கள் ஊரில் பெண்கள் போவதில்லை. கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில், மதினி உள்ளறையில் இருந்தா. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு பகலெல்லாம் இருந்தோம்.

“கடைசியில என்னமும் சொன்னாரா மதினி?”

“ஒண்டும் செல்லல்ல. சுகமாப் போனார்.”

திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னா. அடுத்த நாள் நான் புறப்பட்டேன்.

அம்னாவின் தவணையைக் குறைத்தார்கள். எங்கள் பாஷையில் அதற்கு ‘முன்கூட்டிய நிறைவு’ என்று பெயர். தண்டனை என்று எங்கேயும் எழுத மாட்டார்கள். அந்தக் கோப்பைக் கையாண்டது என் பக்கத்து மேசைக்காரி. நல்லவள். சில வாரங்கள் அவள் என்னைக் கண்டால் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கடந்து போவாள். ஒருநாள் அம்னா இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். அவள் கேட்டிருந்த அடுத்த நாடு இன்னொருவருக்குப் போய்விட்டது. இப்போது இங்கேயே ஒரு மேசையில் வேலை, பழைய அறையில் படுக்கை. வருத்தமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன். “எதற்கு?” என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் மதினிக்கு வீடியோ அழைப்பு எடுக்கிறாள் என்பது எனக்குச் சில மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. நான் மதினியிடம் கேட்டேன்.

“ஓம். கிழம தவறாம எடுக்கிறா.”

“என்ன பாஷையில கதைக்கிறீங்க?”

“சிங்களத்துல” என்று வெட்கப்பட்டுச் சிரித்தா. “என்ட சிங்களம் சாரி விக்கிற சிங்களம். அவட சிங்களம் புத்தகத்துச் சிங்களம். எப்பிடியோ போகுது.”

அதன் பிறகு அவர்கள் கதைக்கும்போது நான் அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். என் காக்காவின் மனைவியும் நான் பெற்ற பிள்ளையும் எனக்கு விளங்காத பாஷையில் சிரிப்பார்கள். இடையில் மாமா என்ற சொல் வரும். அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நான் வெங்காயம் உரிப்பேன்.

சென்ற வெள்ளி, ஊரில் ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம். காக்காவின் ஆண்டு நிறைவுக்கு ஓதிய கத்தத்துக்கு ஆக்கிய நெய்ச்சோற்றை மதினி போனில் காட்டிக்கொண்டிருந்தா. பிறகு எதையோ நீளமாகச் சொன்னா. இடையில் என் பெயர் வந்தது. அம்னா சிரிக்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“உங்களிடம் சொல்ல மாமிக்கு மனம் வரவில்லையாம். நான் சொல்லட்டுமா?” என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

“மாமா மௌத்தான அன்று, சுபஹுக்கு முன்னரே எழும்பி உட்கார்ந்துவிட்டாராம். முகம் நல்ல தெளிவாக இருந்ததாம். அலுவலகத்துக்குப் போகிற ஆள்போலச் சட்டையைக் கேட்டாராம். ‘நஸீமாட இடமாற்றம் சரிவந்திட்டு. நம்மட ஊருக்கே போட்டிட்டாங்க. காலயில வந்திருவா’ என்றாராம்.”

அந்த வசனத்தை மட்டும் அவள் தமிழில் சொன்னாள். மதினி சொல்லிக்கொடுத்துப் பாடமாக்கியிருக்க வேண்டும். ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை.

என் கை ஈரமாக இருந்தது. துடைக்கவில்லை. “அதற்கு மாமி என்ன சொன்னாவாம்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லையாம்” என்றாள் அம்னா. “போய்க் கேட்டைத் திறந்து வைத்தாவாம்.”